கலர் அடிக்கிற வேலையாம்ல!

"ஸ்டைல் ஷீட்தானே, ரெண்டு நாள்ல பிடிச்சிரலாம்" என்று இனி ஒருத்தர் என்னிடம் சொல்லட்டும், அப்புறம் இருக்கிறது அவருக்கு. பைத்தான் படிக்கிறேன் என்றால் வீட்டில் கேட்காமலே காபி வருகிறது. ஜாவாஸ்கிரிப்ட் என்றால் சொந்தக்காரர்கள் சம்பளம் விசாரிக்கிறார்கள். வெப் பக்கத்தின் தோற்றத்தை வகுக்கிற ஸ்டைல் ஷீட் மொழியான சி.எஸ்.எஸ் என்று சொன்னால் மட்டும், கோலத்துக்குக் கலர்ப்பொடி தூவப் போகிறவனைப் பார்ப்பதுபோல ஒரு சிரிப்பு.

சரி, அவர்களை விடுங்கள், வெளியாட்கள். என் வயிற்றெரிச்சல் எல்லாம் இதைச் சொல்லிக்கொடுப்பதாகச் சொல்லிக் காசு வாங்குகிறவர்கள்மேல்தான்.

திருநெல்வேலி வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். பெயர் வேண்டாம். பீஸ் மொத்தத்தையும் முதலிலேயே கறந்துவிடுவார்கள். பாடம் என்னவென்றால், பேக்கிரவுண்ட் கலர், ஃபான்ட் சைஸ், டெக்ஸ்ட் அலைன், பார்டர் ரேடியஸ் என்று வரிசையாக போர்டில் எழுதிப் போடுவது. அதை நாம் நோட்டில் எழுத வேண்டும். ஆமாம், பேனா பிடித்து, நோட்டில்! எழுதிய எதையும் திரையில் பார்க்க அன்றைக்கு சிஸ்டம் காலியாக இருக்காது. மூன்று பெட்டியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மூன்றாவது கீழே இறங்கிவிடுகிறதே, ஏன் சார் என்றால்:

"ஃப்ளோட் லெஃப்ட் போடு தம்பி."

"போட்டாச்சு சார்."

"அப்ப விட்த்தைக் குறைச்சுப் பாரு."

"எவ்வளவு சார்?"

"வர்ற வரைக்கும்."

வர்ற வரைக்கும்! ஃப்ளோட் என்பது பெட்டியை ஒரு ஓரமாக ஒதுக்குவது, விட்த் என்பது அதன் அகலம். அந்தப் பெட்டி ஏன் இறங்குகிறது என்பதற்குக் காரணம் சுத்தமான கூட்டல் கணக்கு. 960 பிக்சல் இடம் இருக்கிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் 320 என்று விட்த் கொடுக்கிறோம். உள்ளே இரண்டு பக்கமும் 20 பிக்சல் பேடிங், அதாவது காலி இடைவெளி; இரண்டு ஓரத்திலும் 1 பிக்சல் பார்டர், அதாவது கோடு. நாம் சொன்ன 320 உள்ளடக்கத்துக்கு மட்டும்தான். பேடிங்கும் பார்டரும் அதற்கு வெளியே சேரும். ஆக ஒரு பெட்டி 362. மூன்றும் சேர்ந்தால் 1086. 960-க்குள் 1086 எப்படி உட்காரும்? பாக்ஸ் சைசிங் என்று ஒரு வரி எழுதி அதற்கு பார்டர் பாக்ஸ் என்று மதிப்புக் கொடுத்தால், 320-க்குள்ளேயே எல்லாம் அடங்கிவிடும். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு டீ ஆறுவதற்குள் சொல்லிவிடலாம். சொல்லவில்லையே!

இந்த மொழியை வகுக்கிற குழுவே, வடிவமைப்பில் தாங்கள் செய்த தவறுகள் என்று ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. தலைப்பிலேயே "முழுமையடையாத பட்டியல்" என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார்கள். பார்டர் பாக்ஸ்தான் இயல்பாகவே இருந்திருக்க வேண்டும் என்பது அதில் உண்டு. பெட்டிக்கு வெளியே விடுகிற இடைவெளியான மார்ஜினில், மேல் மார்ஜினும் கீழ் மார்ஜினும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துபோகிற கூத்தும் உண்டு. உண்டாக்கினவர்களே தப்பு என்று ஒத்துக்கொண்டதை நம்ம ஆள் "அது அப்படித்தான் தம்பி, மனப்பாடம் பண்ணிக்கோ" என்கிறார்.

அடுத்த வேதனை இதன் ஊமைத்தனம். பைத்தானிலோ ஜாவாஸ்கிரிப்டிலோ தப்பாக எழுதினால் திட்டாவது திட்டும். இது ஒரு வார்த்தை பேசாது. பள்ளிக்கூடத்தில் கலர் என்பதற்கு ஒரு யு சேர்த்து எழுதத்தானே நமக்கு அடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள்? அந்த யு-வோடு எழுதினால் அந்த வரியையே பிரவுசர் கண்டுகொள்ளாமல் போய்விடும். ஒரு செமிகோலன் விட்டுப்போனால் அந்த வரியோடு அடுத்த வரியும் காலி. புதிய பிராப்பர்ட்டி (கலர், விட்த் மாதிரி ஒரு கட்டளைப் பெயர்) தெரியாத பழைய பிரவுசரும் பக்கத்தைக் காட்ட வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே அப்படி வைத்தார்கள்; அந்த நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் எஃப் 12 அழுத்தினால், செல்லாத வரியைக் குறுக்கே கோடு போட்டு, மஞ்சள் முக்கோணத்தோடு குரோம் காட்டுகிறதே! பெட்டியின் அளவுகளைப் படமாகவே வரைந்து காட்டுகிறதே! சென்டரில் அந்தப் பொத்தானில் யாராவது விரல் வைத்திருப்பார்களா? சவத்த, அதில் தூசிதான் படிந்திருக்கும்.

சி.எஸ்.எஸ்ஸின் முதல் தரநிலை 1996 டிசம்பரில் வந்தது. பக்கத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கிற கிரிட், 2017 மார்ச்சில் குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி மூன்றிலும் வந்துவிட்டது. இங்கே இன்னும் டேபிளும் ஃப்ளோட்டும்தான் சிலபஸ்.

பத்தமடையில் பாய்க்கடை வைத்திருக்கிற அண்ணாச்சி ஒருவருக்கு ஒரு பக்கம் செய்து கொடுத்தேன். கம்ப்யூட்டரில் அம்சமாக இருந்தது. ராத்திரி போன். "தம்பி, செல்லுல பாத்தா பக்கம் அங்கிட்டும் இங்கிட்டும் ஆடுதே!" பெட்டிகளை வரிசையாக அடுக்குகிற ஃப்ளெக்ஸ் என்ற சி.எஸ்.எஸ் வசதியைப் போட்டு, வரிசைக்கு இரண்டு அட்டையாக, அதாவது பெட்டியாக, வைத்திருந்தது. அதில் ஒரு அட்டையின் தலைப்பு, அண்ணாச்சி அனுப்பியபடியே: மணமக்கள்பெயர்நெய்தபட்டுப்பாய். இடைவெளியே கிடையாது. ஃப்ளெக்ஸுக்குள் இருக்கிற பெட்டி, தன்னிடம் உள்ள ஆக நீளமான சொல்லைவிடச் சின்னதாகச் சுருங்காது. அதன் மின் விட்த், அதாவது குறைந்தபட்ச அகலம், இயல்பாகவே ஆட்டோ. இதை எந்த வகுப்பில் சொன்னார்கள்? நீளச் சொல்லை உடைக்கிற ஓவர்ஃப்ளோ ராப்புக்கு பிரேக் வேர்ட் என்று மதிப்புக் கொடுத்தாலும் தீராது. குறைந்தபட்ச அகலத்தைக் கணக்கிடும்போது பிரவுசர் அந்த உடைப்பைச் சேர்த்துக்கொள்ளாது. எனிவேர் என்று கொடுத்தால் சேர்த்துக்கொள்ளும். கொடுத்தேன், ஆட்டம் நின்றது. ஆனால் பட் ஒரு வரியில், டுப்பாய் அடுத்த வரியில்.

"அண்ணாச்சி, சொல்லைப் பிரிச்சு எழுதிருவோமா?"

"பாயே ஒண்ணா நெய்யுறதுதான தம்பி, பேர ஏன் பிரிக்கணும்?"

அவரிடம் என்னத்தைச் சொல்ல? ஒருவழியாகப் பேசிப் பிரித்தாயிற்று.

பாடத்தில் வருகிற மாதிரிப் பக்கம் எல்லாம் குட்டிக் குட்டி இங்கிலீஷ் சொற்கள். அதனால் இந்தப் பிரச்சினை அங்கே தலைகாட்டுவதே இல்லை. அந்த டெம்ப்ளேட்டை எடுத்து நம் ஊர்க் கடைக்குத் தமிழ் போடும்போதுதான் ஒவ்வொன்றாகக் கிளம்பும். வரியின் உயரமான லைன் ஹைட்டை டெம்ப்ளேட் செய்தவன் 1 என்று வைத்திருப்பான். நம் கீ-யின் கொக்கி மேல்வரியில் இடிக்கும், கூ-வின் வால் கீழ்வரிக்காரன் தலையில் உட்காரும். 1.6 வைத்தால்தான் மூச்சு விடும். திருநெல்வேலியில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நடத்துகிற வகுப்பில் ஒரு தமிழ் வரியாவது போட்டுக் காட்டினால் என்ன குறைந்துவிடும்?

இப்போது அடுத்த பேட்ச்சுக்கு ஆள் சேர்க்கிறோம் என்று வாசலில் தட்டி கட்டியிருக்கிறார்கள். சேரப் போகிறவர்கள் பணத்தை எடுத்து நீட்டுவதற்கு முன்னால், உள்ளே போய் பார்டர் பாக்ஸ் என்றால் என்ன சார் என்று மட்டும் கேளுங்கள். "அதெல்லாம் சிலபஸ்ல இல்ல தம்பி" என்று பதில் வந்தால், பேசாமல் படியிறங்கி ஜங்ஷன் பஸ்ஸைப் பிடித்துவிடுங்கள்.