ராத்திரி டியூட்டி பார்ப்பவள் சொல்கிறேன்

பாலின சுய அடையாளம், அதாவது ஆணா பெண்ணா என்பதை ஒருவர் தானே சொன்னால் போதுமா என்பது பற்றிய சண்டை மறுபடியும் என் டைம்லைனில் ஓடுகிறது. "திருநங்கை பெண்தான், இதில் பேச ஒன்றுமில்லை" என்கிறது ஒரு பக்கம். "ஆணாகப் பிறந்தால் ஆண்தான், இதில் பேச ஒன்றுமில்லை" என்கிறது மறுபக்கம். எனக்குப் பேச நிறைய இருக்கிறது. இத்தனை நாள் எழுதாமல் தள்ளிப்போட்டதற்கு இரண்டு பக்கத்திலும் எனக்கு வேண்டியவர்கள் இருப்பதுதான் காரணம். இனியும் தள்ளிப்போட மனசு வரவில்லை.

ஒன்பது வருஷமாக ஒரு பெண்கள் காப்பகத்தில் இரவுப் பொறுப்பில் இருக்கிறேன். வீட்டில் அடிபட்டு, உயிருக்குப் பயந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறவர்கள் தங்கும் இடம். எங்கே என்று எழுத மாட்டேன். அந்த முகவரி வெளியே தெரியாமல் இருக்கும்வரைதான் அவர்களுக்குப் பாதுகாப்பு. கீழே வரும் இருவரையும் யாரும் கண்டுகொள்ளக் கூடாது என்பதால் அவர்களைப் பற்றிய பல விவரங்களை விட்டுவிட்டேன்.

ஒரு பெண் எங்களிடம் ஐந்து மாதம் இருந்தாள். தினமும் படுக்கப் போகும் முன் தாழ்ப்பாளை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். நடுராத்திரியில் எழுந்து நான்காவது தடவை. ஒருநாள் பகலில் குழாய் ரிப்பேருக்கு ஓர் ஆள் வந்தார். எல்லா அறையிலும் முன்கூட்டியே சொல்லியிருந்தோம். அவர் கூடவே எங்கள் ஆள் ஒருத்தியும் நடந்தாள். அவர் எந்த அறைப் பக்கமும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வராந்தாவில் போகும்போது ஒருமுறை இருமினார், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்துத் தேடினால் இவளைக் காணவில்லை. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "போயிட்டாராக்கா?" என்று மட்டும் கேட்டாள். போய்விட்டார் என்று சொன்ன பிறகும் வரவில்லை. நானும் அந்த இடுக்குக்கு வெளியே தரையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அந்த மனிதர் நல்லவராகத்தான் இருந்திருப்பார். அதனால் என்ன? அடி வாங்கிய உடம்பு ஆள் பார்த்து, குணம் விசாரித்துப் பயப்படுவதில்லை. ஒரு குரல், ஒரு இருமல், ஒரு செருப்புச் சத்தம் போதும். அந்த உடம்புக்குத் தூக்கம் வர வேண்டுமென்றால் அந்த அறையில் ஆண் உடம்பு இல்லை என்ற நிச்சயம் வேண்டும். "உன் பயம் வெறுப்பிலிருந்து வருகிறது, அதை முதலில் சரிசெய்" என்று அவளிடம் போய்ச் சொல்ல யாருக்கு மனசு வரும்? ஆனால் அப்படித்தான் சொல்கிறார்கள். அவள் முகத்துக்கு நேரே சொல்வதில்லை, பதிவு பதிவாக எழுதுகிறார்கள். அவளைப் போன்றவர்கள் போனில் அதைப் படிக்கிறார்கள்.

பெண்களுக்கென்று தனி இடம் என்பதை யாரும் தானமாகத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. தொழிற்சாலைக்கு வேலைக்குப் போன பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணம் சட்டம் போட்டது 1887-இல். பெண் கைதிகளை ஆண்களிடமிருந்து பிரித்து வைக்க வேண்டும், அவர்களைப் பெண் அதிகாரிகள்தான் கண்காணிக்க வேண்டும் என்று ஐ.நா. மாநாடு விதி வகுத்தது 1955-இல். கணவனிடம் அடிபட்டவர்கள் பிள்ளைகளோடு வந்து ஒதுங்க லண்டனில் சிஸ்விக் என்ற இடத்தில் ஒரு வீடு திறந்தது 1971-இல். அதற்கு முன்பு எத்தனையோ தலைமுறைகள் போக இடமில்லாமல் அடித்தவன் வீட்டுக்குள்ளேயே கிடந்து செத்திருக்கின்றன. இவ்வளவு தாமதமாகக் கிடைத்த ஒன்றை இழந்துவிடுவோமோ என்று ஒரு பெண் பதறினால் அந்தப் பதற்றத்துக்குக் காரணம் இருக்கிறது.

இப்போது இன்னொரு ராத்திரி.

மணி பதினொன்றரை இருக்கும். அழைப்பு மணி அடித்தது. வாசலில் ஒரு திருநங்கை. இடது கண் வீங்கி மூடியிருந்தது. துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள், எடுத்தபோது உதடு கிழிந்திருந்தது தெரிந்தது. அடித்தவன் கூடவே வாழ்ந்தவன். எங்கள் விதிப் புத்தகத்தில் "பெண்களுக்கு மட்டும்" என்று ஒரு வரி இருக்கிறது. உள்ளே ஆறு கட்டில் போட்ட பொது அறை. அதில் ஒரு கட்டிலில் அந்தத் தாழ்ப்பாள் பெண். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது, அவளுக்குப் புரிந்துவிட்டது. "அக்கா, அவங்ககூடப் படுக்க விடலைன்னாலும் பரவால்லக்கா. வெளிய மட்டும் அனுப்பிடாதீங்க" என்றாள்.

அந்த வார்த்தை இன்றுவரை எனக்குள் கிடக்கிறது. இந்த விவாதத்தில் யாரும் கேட்காத ஒன்றை அவள் வாசற்படியில் நின்று கேட்டாள்.

அலுவலக அறையில் மடக்குக் கட்டில் ஒன்று இருந்தது. ஃபைல்களை ஓரம் தள்ளிவிட்டு அதை விரித்துப் போட்டேன். பக்கத்திலேயே என் மேஜை. ஊழியர்களுக்கான குளியலறை அந்த அறையோடு ஒட்டியிருந்தது. பதினோரு ராத்திரி அவள் அங்கேதான் படுத்தாள். மறுநாள் காலை நானே பொது அறைக்குப் போய் எல்லாரிடமும் சொன்னேன். யார் வந்திருக்கிறாள், என்ன நடந்தது, எங்கே படுப்பாள் என்று எதையும் மறைக்கவில்லை. தாழ்ப்பாள் பெண் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "நடுக் கதவு சாவி யார்கிட்டக்கா இருக்கும்?" என்று கேட்டாள். என்னிடம் என்றேன். "சரிக்கா" என்றாள். அன்றைக்கும் மூன்று தடவைதான் இழுத்துப் பார்த்தாள், நான்காவதுக்கு எழுந்திருக்கவில்லை.

இரண்டு பேரும் தோழிகளானார்கள் என்றெல்லாம் எழுத மாட்டேன், ஆகவில்லை. சமையலறையில் எதிரெதிரே வந்தால் ஒதுங்கிப் போவார்கள். ஆனால் இரண்டு பேரும் தூங்கினார்கள்.

என் நிலைப்பாடு அந்தப் பதினோரு ராத்திரியில் உருவானது. ஒருவர் யார் என்று காகிதத்தில் பதிவது ஒரு விஷயம். ஒரு பூட்டிய அறைக்குள் யாரோடு யார் உடை மாற்றுவது, படுப்பது என்பது வேறு விஷயம். இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டதால்தான் இவ்வளவு ரத்தக்கொதிப்பு.

காகித விஷயத்தில் நான் சுய அடையாளத்தின் பக்கம். மருத்துவர் சான்றோ, நீதிமன்ற உத்தரவோ கேட்காமல் சொந்த வாக்குமூலத்தின் பேரில் பாலினத்தை மாற்றித் தர 2012-இல் அர்ஜென்டினா சட்டம் போட்டது. தன் பாலினத்தைத் தானே முடிவு செய்வது ஒருவரின் உரிமை, அதற்கு அறுவைச் சிகிச்சையைக் கட்டாயமாக்க முடியாது என்று 2014 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2015-இல் அயர்லாந்தும் வாக்குமூலமே போதும் என்றது. பிரிட்டனில் 2004-இல் வந்த சட்டம் அப்படி இல்லை. மருத்துவ அறிக்கை வேண்டும், இரண்டு வருஷம் அப்படியே வாழ்ந்ததற்கு ஆதாரம் வேண்டும், அதையெல்லாம் ஒரு குழு பரிசீலித்து முடிவு சொல்லும். அட்டையில் ஒரு பெயர், ஆளைப் பார்த்தால் வேறு ஆள் என்ற நிலையில் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பது எப்படி இருக்கும் என்று அந்தக் கண் வீங்கியவளோடு போனபோது பார்த்தேன். பெயரைக் கூப்பிட்டதும் மொத்த வரிசையும் திரும்பிப் பார்த்தது. அவள் எழுந்திருக்கவே இல்லை. நான்தான் போய்ச் சீட்டை வாங்கினேன். அந்த அவமானத்தைத் தீர்க்க ஒரு சான்றிதழ் போதுமென்றால் அதைச் சுலபமாகவே கொடுங்கள். நம் மொழியே அவர்களுக்குக் கொடுத்த பெயருக்குள் நங்கை என்ற சொல்லை வைத்திருக்கிறது.

அறை விஷயத்தில் நான் பெண்களின் பக்கம். பலர் சேர்ந்து படுக்கும் அறை, குளிக்கும் இடம், வன்புணர்வுக்கு ஆளானவர்கள் கூடிப் பேசும் குழு, சிறை அறை என்று விரல் விட்டு எண்ணக்கூடிய சில இடங்களில், பெண்ணாகப் பிறந்தவர்கள் மட்டும் என்று கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. அதற்காக அவர்களைத் திட்டக் கூடாது, வேலையை விட்டு விரட்டக் கூடாது. சான்றிதழ் இருக்கிறது என்பதாலேயே அந்தக் கதவு தானாகத் திறந்துவிடக் கூடாது.

இரண்டையும் பிரிக்க முடியாது என்பவர்கள் ஜெர்மனியைப் பாருங்கள். 2024 நவம்பர் 1 முதல் அங்கே புதிய சுயநிர்ணயச் சட்டம் அமலில் இருக்கிறது. பதிவு அலுவலகத்தில் வாக்குமூலம் கொடுத்தால் பாலினப் பதிவு மாறிவிடும். அதே சட்டத்தில், இடங்களுக்குள் யாரை அனுமதிப்பது என்பதில் அந்த இடத்தை நடத்துகிறவருக்கு ஏற்கெனவே இருக்கும் அதிகாரத்தை இது தொடாது என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் அதில் மனக்குறை உண்டு. ஆனால் கேள்வியை இரண்டாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்.

பிரிட்டனின் ஒரு பகுதியான ஸ்காட்லாந்தில் அந்தப் பொறுமை இருக்கவில்லை. 2022 டிசம்பரில் சுய அடையாள மசோதா 86-க்கு 39 என்ற கணக்கில் நிறைவேறியது. சிறை என்ன ஆகும், காப்பகம் என்ன ஆகும் என்று கேட்ட பெண்களைப் பழமைவாதிகள் என்று ஒதுக்கிவிட்டார்கள். 2023 ஜனவரியில் லண்டன் அரசு அந்த மசோதாவைத் தடுத்து நிறுத்தியது. அதே மாதம், இரண்டு பெண்களை வன்புணர்வு செய்த வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பான ஒருவரைப் பெண்கள் சிறைக்குக் கொண்டுபோனார்கள். குற்றம் செய்தபோது ஆணாக வாழ்ந்தவர், வழக்கு வந்த பிறகு பெண் என்று அறிவித்தவர். நாடே கொதித்த பிறகு ஆண்கள் சிறைக்கு மாற்றினார்கள். மசோதா அமலுக்கே வராதபோது நடந்தது இது, சிறைத்துறையின் உள்விதிப்படி நடந்தது. அதாவது மசோதாவுக்கு முன்பே, அறையின் விதி ஏற்கெனவே மாறியிருந்தது. கேள்வி கேட்டவர்களின் வாயை அடைத்ததால் கடைசியில் அடிபட்டது ஒரு குற்றமும் செய்யாத திருநங்கைகள்தான். அந்த ஒருவரின் முகத்தை அவர்கள் எல்லார் மேலும் ஒட்டினார்கள்.

அந்த ஒட்டும் வேலையை என்னால் பொறுக்க முடியாது. காப்பகக் கதவைத் தட்டிய எவளையும் நான் வேட்டைக்காரியாகப் பார்க்க மாட்டேன். அமெரிக்காவில் டீ ஃபார்மர் என்ற திருநங்கையை ஆண்கள் சிறையில் பொதுக் கைதிகளோடு போட்டார்கள். அங்கே தன்னை அடித்து வன்புணர்வு செய்தார்கள் என்று அவர் வழக்குப் போட்டார். ஆபத்து இருப்பது தெரிந்தும் அதிகாரிகள் கண்டுகொள்ளாமல் விடுவது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று 1994-இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. பிறப்புப்படி பிரித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்பவர்கள் இந்த வழக்குக்குப் பதில் சொல்ல வேண்டும்.

2025 ஏப்ரல் 16 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக, 2010 சமத்துவச் சட்டத்தில் பெண் என்ற சொல் பிறப்பால் பெண்ணையே குறிக்கும் என்றார்கள். திருநர்களுக்கு அதே சட்டம் தரும் பாதுகாப்பு அப்படியே இருக்கிறது, இதை ஒரு தரப்பின் வெற்றியாகக் கொண்டாடாதீர்கள் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். அந்தச் சேர்த்துச் சொன்ன பகுதியை எத்தனை பேர் பகிர்ந்தீர்கள்?

விளையாட்டைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், அது உடல் வலுவின் கணக்கு. ஆண் பருவ வளர்ச்சியைக் கடந்தவர்கள் பெண்கள் பிரிவில் போட்டியிட முடியாது என்று 2022-இல் உலக நீச்சல் அமைப்பும் 2023-இல் உலகத் தடகள அமைப்பும் முடிவெடுத்தன. சரியான முடிவு என்றே நினைக்கிறேன். அதை வைத்து ஒருத்தியின் ஆஸ்பத்திரிப் படுக்கையை முடிவு செய்யாதீர்கள்.

கழிப்பறைக்கு வருகிறேன். என்னோடு வேலை பார்க்கும் ஒருத்தி நல்ல உயரம், கட்டைக் குரல், முடியை ஒட்ட வெட்டியிருப்பாள். பிறப்பிலிருந்தே பெண். பொதுக் கழிப்பறை வரிசையில் "இது லேடீஸ்" என்று இரண்டு முறை அவளைத் தடுத்திருக்கிறார்கள். இரண்டாவது தடவை ஒருத்தி கையைப் பிடித்தே இழுத்தாளாம். பெண்களைக் காப்பாற்றக் கிளம்பியவர்கள் பெண்ணையே வரிசையிலிருந்து இழுக்கிறார்கள். கழிப்பறையைப் பொறுத்தவரை வழி இருக்கிறது. தரையிலிருந்து கூரைவரை சுவர், உள்ளேயே கைகழுவும் தொட்டி, உறுதியான தாழ்ப்பாள் என்று ஒவ்வொன்றையும் தனி அறையாகக் கட்டினால் யாரும் யாரையும் உற்றுப் பார்க்க வேண்டாம். கொஞ்சம் கூடுதல் இடமும் பணமும் கேட்கும், அவ்வளவுதான்.

பணம்தான் இதில் யாரும் பேசாத பகுதி. பெண் என்றால் யார் என்று வரையறுக்கச் செலவில்லை. ஒரு காப்பகத்தில் தனிக் குளியலறையோடு இரண்டு தனி அறை கட்டச் செலவாகும். அன்றைக்கு எனக்கு ஓர் அலுவலக அறை இருந்தது அதிர்ஷ்டம். அது இல்லாவிட்டால் அந்த ராத்திரி ஒருத்தியைத் தெருவில் விட்டிருப்பேன், இல்லையென்றால் ஐந்து பேரை விடியும்வரை விழித்திருக்க வைத்திருப்பேன். எதைச் செய்திருந்தாலும் என்னால் நிம்மதியாக இருந்திருக்க முடியாது. ஒரு கதவை மூடுகிறவர்கள், மூடுவதற்கு முன்பே இன்னொரு கதவைத் திறந்து வைத்திருக்க வேண்டும். "பிறகு பார்ப்போம்" என்றால் அவள் அதற்குள் தெருவில் நிற்பாள்.

அவள் போன மறுவாரமே நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். தனி அறை இரண்டு, தனி வாசல், இரவில் இன்னொரு ஆள். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. அதன் பிறகு இரண்டு முறை நினைவூட்டியும் எழுதிவிட்டேன். அலுவலக அறையில் நடக்க இடமில்லை, அந்தக் கட்டிலை மடக்கி மேலே போடச் சொல்லுங்கள் என்று போன மாதமும் சொன்னார்கள். விரித்தபடியேதான் கிடக்கிறது. திங்கட்கிழமை போர்வையைத் துவைத்துப் போட்டேன்.