கடலை ஏன் அவியேல்லை?

போன கிழமை இரவு எட்டு மணிபோல மகள் வவுனியாவில் இருந்து எடுத்தாள். கலியாணம் முடித்துப் போய் ஏழு மாதம். குரலைக் கேட்கவே விளங்கியது, அழுகையை அடக்கிக்கொண்டு கதைக்கிறாள். "அம்மா, வீடியோவில நாலு விசில் எண்டுதான் சொன்னவை. நான் பத்து விட்டிட்டன். கடலை இன்னும் கல்லு மாதிரிக் கிடக்கு."

"எந்தத் தண்ணியில ஊறப்போட்டனி பிள்ளை?" என்று கேட்டேன்.

கிணற்றுத் தண்ணீர். ஊறப்போட்டதும் அதில், அவித்ததும் அதில்.

எங்கட வன்னியில் கன கிணறுகளின் தண்ணீர் கடினம். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியுதே, அது தண்ணீரில் இருக்கிற கல்சியம். கடலையின் கலங்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருப்பது பெக்டின் என்ற பசை. கல்சியம் அந்தப் பசையைப் பிடித்து இறுக்கிவிடும். பிறகு எத்தனை விசில் விட்டாலும் லேசில் இளகாது. அந்த வீடியோவில் சமைத்த தமிழ்நாட்டு அக்காவில் பிழை சொல்ல மாட்டேன். அவவுக்கு வருகிற தண்ணீரில் நாலு விசில் காணும். செட்டிகுளம் பக்கத்துக் கிணற்றுக்கு அந்தக் கணக்குச் சரிவராது.

மகளுக்குச் சொன்னது இதுதான். ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்புப் போட்டு இரவு முழுக்க ஊறவிடு. காலையில் அந்தத் தண்ணீரை ஊற்றிப்போட்டு, குடிக்க வாங்குகிற ஆர்ஓ தண்ணீரில், அதாவது கல்சியத்தை வடிகட்டி எடுத்த தண்ணீரில் அவி. உப்பில் உள்ள சோடியம் கல்சியத்தின் இடத்தைப் பிடிக்கும், தோல் மெத்தென்று வரும். உப்புப் போட்டால் கடலை விறைக்கும் என்று எங்கட ஆக்கள் சொல்லுவினம். நானும் இருபது வருசம் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஒரே கடலையை இரண்டு சட்டியில், ஒன்றில் உப்போடும் மற்றதில் உப்பில்லாமலும் ஊறவைத்துப் பார்த்த பிறகுதான் அந்த எண்ணத்தை விட்டேன். ஆர்ஓ தண்ணீர் இல்லையென்றால் அவிக்கும்போது ஒரு சிட்டிகை அப்பச்சோடா போடலாம். கூடினால் சவர்க்கார ருசி வரும், விற்றமின் பி சத்தும் அழியும். கடையில் மாதக்கணக்காக வெக்கையில் கிடந்து காய்ந்த பழங்கடலை என்றால் இது ஒன்றும் பெரிதாகப் பலன் தராது, அதையும் சொல்லவேணும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்றால், இப்போது எங்கட பிள்ளைகள் சமையல் படிப்பது கைபேசியில்தான். அதில் பெரும்பாலும் இந்தியச் சமையல். நானும் பார்க்கிறேன். நல்ல விசயங்கள் எடுத்திருக்கிறேன். உள்ளியையும் இஞ்சியையும் உப்பும் கொஞ்ச எண்ணெயும் விட்டு அரைத்துப் பிரிட்ஜில் வைத்தால் ஒரு கிழமை பாவிக்கலாம் என்பது அங்கே பார்த்ததுதான், வேலைக்குப் போகிற பெண்களுக்குப் பெரிய உதவி. என் மனக்குறை வேறு. "இப்படிச் செய்யுங்கள்" என்று மட்டும் சொல்லுகிறார்கள், ஏன் என்று சொல்வதில்லை. காரணம் தெரியாத பிள்ளைக்குக் குறிப்புப் பிழைத்தால் தன்னில்தான் பிழை என்று நினைக்கும். என் மகள் அப்படித்தான் நினைத்தாள்.

பழப்புளியை எடுங்கோ. கிழங்கு முக்கால் வேக்காடு வரமுதல் புளி விட்டால் கிழங்கு விறைத்துப்போகும். அம்மா இதைச் சொல்லித்தான் என்னை வளர்த்தவ, ஏன் என்று அவவுக்குத் தெரியாது. புளிப்பிலும் அந்தப் பெக்டின் பசை கரையாமல் நிற்கும் என்பதுதான் காரணம். இதைத் தெரிந்துகொண்டால் தலைகீழாகவும் பாவிக்கலாம். வெண்டிக்காய்க்குப் புளியை முதலே விடுங்கோ. காய் குழையாது, வழுவழுப்பும் குறையும்.

தேங்காய்க்கு வருவோம். 2024 கடைசியில் ஒரு காய் 200 ரூபாயைத் தொட்டபோது எங்கட வீட்டில் சொதி கிழமைக்கு இரண்டு நாளாகக் குறைந்தது. அப்போதுதான் பால் பிழிகிறதைக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினேன். தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும். பிரிட்ஜில் இருந்த தேங்காய்ப்பூவை அப்படியே பிழிந்தால் பாதிப் பால் சக்கையோடு போய்விடும். கை பொறுக்கிற சூட்டில் தண்ணீர் விட்டு, ஐந்து நிமிசம் வைத்துப் பிழியுங்கோ, தலைப்பால் எவ்வளவு தடிப்பாக வருகிறது என்று பாருங்கோ. மூன்றாம் தரம் பிழிகிற கப்பிப்பாலை நான் வீணாக ஊற்றுவதில்லை, பருப்பை அதில்தான் அவிக்கிறேன்.

சொதி திரைகிறது என்று சொல்லாத புதுப்பெண் இல்லை. பாலில் எண்ணெய் சின்னச் சின்னத் துளியாக மிதக்கிறது, அதைப் பிடித்துவைத்திருப்பது புரதம். கொதியும் புளிப்பும் சேர்ந்தால் புரதம் திரண்டுவிடும், எண்ணெய் பிரிந்து மேலே வரும். வெங்காயம், பச்சைமிளகாய், மஞ்சள் எல்லாம் கப்பிப்பாலில் அவியட்டும். தலைப்பால் விட்ட பிறகு மூடக்கூடாது, அகப்பை சும்மா இருக்கக்கூடாது. ஓரத்தில் நுரை எழும்பத் தொடங்க இறக்கவேணும். தேசிக்காய் விடுவது இறக்கிச் சூடு தணிந்த பிறகு.

இரணைமடுக் குளத்து விரால் வாங்கினால் சேற்று வாசம் என்று பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள். அந்த வாசத்தைக் குளத்துப் பாசியும் நுண்ணுயிர்களும் உண்டாக்குகின்றன, ஜியோஸ்மின் என்று அதற்குப் பெயர். புளிப்புப் பட்டால் அது சிதைந்து வாசம் அடங்கும். அம்மா சாம்பலும் உப்பும் போட்டுக் கல்லில் உரஞ்சிக் கழுவி, பிறகு புளித்தண்ணீரில் பத்து நிமிசம் போட்டு வைப்பா. சாம்பல் வழுக்கலுக்கு, புளி வாசத்துக்கு. அந்தக் குழம்பை அடுத்த நாளுக்கு வைப்பதென்றால் மண்சட்டியில் வையுங்கோ. அலுமினியச் சட்டியில் புளிக்குழம்பு இரவு முழுக்க நின்றால் புளி அலுமினியத்தை அரிக்கும். காலையில் சட்டியின் உட்பக்கம் நிறம் மாறிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த அலுமினியம் குழம்புக்குள்தான் போயிருக்கும்.

அடுப்பைப் பற்றி எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாகப் பாவித்த ஆக்கள் நாங்கள். இடம்பெயர்ந்த இடமெல்லாம் மூன்று கல்லு வைத்துச் சமைத்தோம். 2022 இல் காஸ் வரிசையில் கொழும்பு நின்றபோது எங்கட ஊரில் பழைய விறகடுப்பைத் துடைத்து எடுத்தவர்கள் எத்தனை பேர். அரிசியை அரைமணித்தியாலம் ஊறவைத்து, கொதி வந்து முக்கால் பதம் ஆனதும் விறகை வெளியே இழுத்து, மூடித் தணலில் விட்டால் மிச்சத்தைச் சூடே பார்த்துக்கொள்ளும்.

இன்னொன்று. முருங்கை இலை வறை சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடிக்காதேங்கோ. இலையில் இருக்கிற இரும்பை உடம்பு எடுக்கவிடாமல் தேயிலையின் தனின் தடுக்கும். ஒரு மணித்தியாலம் பொறுங்கோ. வறையில் தேசிக்காய் விட்டால் இரும்பு கூடச் சேரும். கர்ப்பிணிப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதைக் கட்டாயம் சொல்லுங்கோ.

நேற்று மகள் திரும்ப எடுத்தாள். கடலை பஞ்சுபோல அவிந்ததாம், தேங்காய்ச் சொட்டுப் போட்டுத் தாளித்தாளாம். மாமி இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவவாம். "மாமி ஒண்டு கேக்கச் சொன்னவ அம்மா. மில்லில அடிச்ச தூள் இரண்டு மாசத்தில கட்டிபட்டுப் பூஞ்சணம் பிடிக்குதாம், ஏன்?"

மில்லில் இருந்து வரும்போது தூள் கையைச் சுடும். அந்தச் சூட்டோடு போத்தலில் அடைத்தால் உள்ளே வேர்க்கும், அந்த ஈரம் போதும் பூஞ்சணத்துக்கு. பழைய பேப்பரில் பரப்பி நன்றாக ஆறவிட்டுத்தான் அடைக்கவேணும். வறுக்கும்போதும் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டக்கூடாது. மல்லி வறுபடமுதல் நற்சீரகம் கருகிவிடும், வெந்தயம் கறுத்தால் முழுத்தூளும் கைக்கும். செத்தல்மிளகாய் தனி, மல்லி தனி, மிளகும் பெருஞ்சீரகமும் தனி, வெந்தயம் கடைசியில் மெல்லிய நெருப்பில். கறிவேப்பிலை மொறுமொறு என்று வராவிட்டால் அதுவும் ஈரம்தான்.

இதையெல்லாம் போனில் சொல்லி முடியாது என்று, வாற ஞாயிற்றுக்கிழமை நானே வவுனியாவுக்குப் போகிறேன். மாமி மிளகாயை இப்பவே வெயிலில் போட்டுவிட்டாவாம். நான் இங்கே பழைய பேப்பர் கட்டை எடுத்து வைத்திருக்கிறேன்.