பள்ளி விட்ட பிறகான மூன்று மணி நேரம்

மாலையில் பள்ளி விடுவதற்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் இடையிலான மூன்று மணி நேரத்தில் ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை எங்கே இருக்கிறான், யாரோடு இருக்கிறான், என்ன செய்துகொண்டிருக்கிறான் என்பதே போதைத் தடுப்பின் முதற்கேள்வி என்று நான் உறுதியாக நம்புகிறேன். நம்முடைய முயற்சிகளோ பெரும்பாலும் காலை இறைவணக்கக் கூட்டத்தில் எடுக்கும் உறுதிமொழி, போதைப்பொருள் எதிர்ப்பு நாளான ஜூன் 26 அன்று நடக்கும் ஓவியப் போட்டி, பதாகை ஏந்திய பேரணி ஆகியவற்றோடு முடிந்துவிடுகின்றன. அவற்றை நடத்தும் ஆசிரியர்களின் அக்கறை மீது எனக்கு ஐயம் இல்லை. ஆனால் ‘கூல் லிப்’ என்ற புகையிலைப் பொட்டலமும் கஞ்சாவும் வலி நிவாரணி மாத்திரையும் பிள்ளைகளைத் தேடி வருவது பெரும்பாலும் இறைவணக்கக் கூட்டத்தின்போது அல்ல. பெரியவர் யாரும் பார்க்காத பொழுதில்தான்.

அறிவுரையும் அச்சமும் மட்டும் போதுமானவையாக இருந்திருந்தால் அமெரிக்கா இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்திருக்கும். 1983இல் லாஸ் ஏஞ்சலீஸில் காவல்துறையும் பள்ளி நிர்வாகமும் சேர்ந்து ‘டேர்’ என்ற திட்டத்தைத் தொடங்கின. சீருடை அணிந்த காவலர் வகுப்பறைக்கு வந்து போதைப்பொருளின் தீமைகளைப் பாடமாக நடத்துவார். அத்திட்டம் நாடு முழுவதும் பரவியது. பல ஆண்டுகள் கழித்து, அதில் சேர்ந்த மாணவர்களையும் சேராத மாணவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றே கூறின. அதன் பின்னரே பாடத்திட்டம் மாற்றப்பட்டது. இதைவிட வருத்தமானது, தடம் மாறும் சிறுவர்களைச் சிறைக்குள் அழைத்துச் சென்று ஆயுள் கைதிகளைக் கொண்டு மிரட்டிய திட்டம். 1970களில் நியூ ஜெர்சியின் ராவே சிறையில் பெயர் பெற்ற அந்த முறையைச் சோதித்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மிரட்டப்பட்ட சிறுவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே குற்றங்களில் ஈடுபட்டிருந்தது தெரிந்தது. ‘ஒரு நாள் ஸ்டேஷனில் உட்கார வைத்தால் திருந்திவிடுவான்’ என்று நம் ஊரில் எளிதாகச் சொல்பவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இதற்கு மாறான வழியில் நடந்து காட்டிய நாடு ஐஸ்லாந்து. 1998இல் அங்கே 15, 16 வயது மாணவர்களில் நூற்றுக்கு 42 பேர் முந்தைய ஒரு மாதத்துக்குள் ஒரு முறையேனும் போதை ஏறக் குடித்திருந்தார்கள். 23 பேர் நாள்தோறும் புகைத்தார்கள். 17 பேர் கஞ்சாவைத் தொட்டுப் பார்த்திருந்தார்கள். 2016இல் இந்த எண்கள் முறையே 5, 3, 7 என்று குறைந்திருந்தன. அங்குள்ள பெரியவர்கள் தங்கள் பிள்ளைகளை ஒழுக்கமற்றவர்கள் என்று திட்டிக்கொண்டிருக்கவில்லை. எந்தப் பிள்ளை குடிக்கிறது, எந்தப் பிள்ளை குடிப்பதில்லை, இரண்டுக்கும் இடையில் என்ன வேறுபாடு என்று பிள்ளைகளிடமே கேட்டார்கள். பெயர் எழுதாத வினாத்தாளை மாணவர்கள் நிரப்பினார்கள். இங்கா டோரா சிக்ஃபூஸ்டோட்டிர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அவற்றை ஆராய்ந்தபோது நான்கு செய்திகள் திரும்பத் திரும்பத் தென்பட்டன. வாரத்தில் மூன்று நான்கு நாள் ஒழுங்காக நடக்கும் விளையாட்டிலோ கலைப் பயிற்சியிலோ சேர்ந்திருப்பது, வார நாட்களில் பெற்றோருடன் கழிக்கும் மொத்த நேரம், பள்ளியில் தன்மீது அக்கறை கொண்டவர்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு, இரவு நெடுநேரம் வெளியே சுற்றாமல் இருப்பது ஆகியவையே பிள்ளைகளைக் காத்தன. இவற்றில் எதுவும் மருத்துவம் அல்ல, தண்டனையும் அல்ல.

இந்தச் சிந்தனைக்கு அமெரிக்க உளவியலாளர் ஹார்வி மில்க்மனின் பங்களிப்பு பெரிது. மனிதர்கள் போதையில் தேடுவது தம் மனநிலையை மாற்றும் ஓர் அனுபவத்தையே என்றும், அதே கிளர்ச்சியையும் அமைதியையும் நடனத்திலும் இசையிலும் தற்காப்புக் கலையிலும் கண்டுகொள்ளும் பிள்ளைக்குப் போதையின் தேவை குறையும் என்றும் அவர் கருதினார். 1992 வாக்கில் டென்வர் நகரில் போதைப் பழக்கத்தோடும் சில்லறைத் திருட்டோடும் இருந்த சிறுவர்களை அவருடைய குழுவினர் சேர்த்துக்கொண்டபோது, ‘உங்களுக்குச் சிகிச்சை அளிக்கப்போகிறோம்’ என்று சொல்லவில்லை. ‘நீங்கள் எதைக் கற்க விரும்புகிறீர்களோ அதைக் கற்பிக்கிறோம்’ என்றே சொன்னார்கள். மூன்று மாதத்துக்கென்று வந்தவர்களில் சிலர் ஐந்து ஆண்டுகள் வரை அங்கேயே தங்கிவிட்டார்கள். தன்னை நோயாளியாகவும் குற்றவாளியாகவும் பார்க்காத ஓர் இடத்தைப் பிள்ளை விட்டு விலகுவதில்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

ஐஸ்லாந்து அந்தச் சிந்தனையை நாட்டின் ஏற்பாடாகவே மாற்றியது. விளையாட்டு, இசை, நடனக் குழுக்களுக்கு அரசு நிதி கூடியது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளும் அவற்றில் சேர வேண்டும் என்பதற்காக, தலைநகர் ரெய்க்யவிக்கில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆண்டுக்கு 35,000 குரோனா மதிப்புள்ள பொழுதுபோக்கு அட்டை வழங்கப்பட்டது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குப் புகையிலையும் 20 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு மதுவும் விற்கக்கூடாது. இரண்டுக்கும் விளம்பரம் கூடாது. பதின்மூன்று முதல் பதினாறு வயது வரையிலானவர்கள் குளிர்காலத்தில் இரவு பத்து மணிக்கு மேல் தனியே வெளியில் இருக்கக்கூடாது. பெற்றோர் தங்களுக்குள் உடன்பாடு செய்துகொண்டார்கள். வார இறுதி இரவுகளில் முறைவைத்துத் தெருக்களில் நடந்து, வெளியே நிற்கும் பிள்ளைகளோடு பேசினார்கள். 1997க்கும் 2012க்கும் இடையில், வாரத்துக்கு நான்கு முறையாவது ஒழுங்கான விளையாட்டில் ஈடுபட்ட 15, 16 வயதினர் நூற்றுக்கு 24இலிருந்து 42 ஆக உயர்ந்தார்கள். வார நாட்களில் பெற்றோருடன் அடிக்கடி நேரம் கழிப்பதாகச் சொன்னவர்கள் 23இலிருந்து 46 ஆனார்கள்.

நம் சென்னையின் பெரிய மண்டலம் ஒன்றின் மக்கள்தொகைகூட இல்லாத நாடு அது என்று சொல்வார்கள். உண்மைதான். அதே காலத்தில் ஐரோப்பாவின் வேறு பல நாடுகளிலும் இளையோர் குடிப்பழக்கம் குறைந்தது என்பதும் உண்மைதான். ஆயினும் ஐஸ்லாந்தில் அது இறங்கிய அளவு பெரிது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த நாட்டின் பணத்தையும் அரங்குகளையும் அல்ல, கேள்வியைக் கேட்ட முறையையே என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை.

அங்கே நடந்த எல்லாவற்றையும் இங்கே அப்படியே கொண்டுவரவும் கூடாது. இரவு நேரக் கட்டுப்பாட்டை நம் ஊரில் காவல்துறையின் கையில் கொடுத்தால், ஒற்றை அறை வீட்டில் ஆறு பேர் படுத்திருக்க, காற்றுக்காகத் தெருமுனையில் நிற்கும் குடிசைப் பகுதிச் சிறுவன்தான் முதலில் வண்டியில் ஏற்றப்படுவான். கார் நிறுத்தும் வசதியுள்ள வீட்டின் மாடியில் அமர்ந்து குடிக்கும் சிறுவனை யாரும் கேட்கப்போவதில்லை. பெற்றோர் கூடுதல் நேரம் செலவிட வேண்டும் என்ற அறிவுரையையும், ஒரகடத்தில் இரவு ஷிப்ட் பார்க்கும் தந்தையிடமும் நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கும் தாயிடமும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் வீடு திரும்பும் வரை, அந்தப் பிள்ளையின் பெயரைத் தெரிந்துவைத்திருக்கும் வேறொரு பெரியவரைத் தெருவில் உருவாக்குவதுதான் சமூகத்தின் கடமை.

தடுப்பின் வேலையைக் காவல்துறையிடம் மட்டும் ஒப்படைப்பதும் போதாது. 2022இல் சென்னையில் 100 பள்ளிகளில் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கென்று தொடங்கப்பட்ட காவல்துறையின் ‘சிற்பி’ திட்டத்தை நான் வரவேற்கிறேன். காவலரைக் கண்டு அஞ்சாத பிள்ளைகள் உருவாவது நல்லதே. காவல்துறை செய்யவேண்டிய முதன்மையான வேலை வேறொன்று இருக்கிறது. குழந்தைக்குப் போதைப்பொருள் தருபவருக்கும், அதை விற்கவோ கடத்தவோ குழந்தையைப் பயன்படுத்துபவருக்கும் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் ஏழு ஆண்டுகள் வரை கடுங்காவல் தண்டனை விதிக்கிறது. பொட்டலத்தோடு பிடிபட்ட சிறுவனின் முகம் செய்தியில் மங்கலாக்கப்பட்டு வருகிறது. அவன் கையில் அதைக் கொடுத்தவனின் பெயர் எப்போது வரும் என்று நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

நம்மால் மாலைப் பொழுதை ஒழுங்குபடுத்த இயலாது என்று சொல்பவர்களை நான் ஏற்கமாட்டேன். 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி அதைச் செய்து காட்டியது. கொரோனா காலக் கற்றல் இழப்பை ஈடுகட்ட, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளை அதே தெருவைச் சேர்ந்த தன்னார்வலர்கள், பெரும்பாலும் இளம் பெண்கள், மாலை ஐந்து முதல் ஏழு மணிக்குள் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் அந்த வகுப்புகள் நடந்தன. மாதம் ஆயிரம் ரூபாய்தான் அவர்களுக்கு ஊக்கத்தொகை. அந்த ஏற்பாடு எட்டாம் வகுப்போடு நின்றது. போதை வியாபாரி தேடுகிற வயது அங்கேதான் தொடங்குகிறது. வடசென்னையைப் பாருங்கள். வியாசர்பாடியின் கால்பந்தும், வண்ணாரப்பேட்டை, காசிமேடு பகுதிகளின் கேரம் மன்றங்களும் பெரிய அரசுத் திட்டங்களால் உருவானவை அல்ல. 2024இல் உலகக் கோப்பைக் கேரம் போட்டியில் தங்கம் வென்ற காசிமா, ஆட்டோ ஓட்டும் தந்தையிடம் பயிற்சி பெற்ற பெண். அந்த மன்றங்களில் பயின்று பதக்கம் வாங்காத பிள்ளைகளையே நான் கூடுதலாக நினைக்கிறேன். ஆண்டுக்கணக்கில் அவர்களின் மாலைப் பொழுது ஒரு பெரியவரின் கண்பார்வையில் கழிந்திருக்கிறது.

ஆகவே எனக்கு இரண்டு கோரிக்கைகள் உண்டு. முதலாவது, பெயர் கேட்காத ஒரு கணக்கெடுப்பு. தன் பள்ளியில் போதைப் பழக்கம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால் பள்ளியின் பெயர் கெட்டுவிடும், விளக்கம் கேட்டுக் கடிதம் வரும் என்று தலைமையாசிரியர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானதே. ஐஸ்லாந்தில் முடிவுகள் இரண்டு மாதத்துக்குள் அந்தந்தப் பள்ளிக்கே திரும்பக் கிடைத்தன, பள்ளியைக் குற்றம் சாட்டுவதற்காக அல்ல, அவ்வூர்ப் பெற்றோர் கூடி முடிவெடுப்பதற்காக. இங்கும் அந்த உறுதியை அரசு எழுத்தில் தரவேண்டும்.

இரண்டாவது கோரிக்கை பெற்றோரிடம். அரசுப் பள்ளிகளில் பெற்றோரே பெரும்பான்மையாக இருந்து, ஒரு தாயைத் தலைவராகக் கொண்டு இயங்கும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. கழிப்பறைக்கும் சுற்றுச்சுவருக்கும் தீர்மானம் போடும் அக்குழு, அடுத்த கூட்டத்தில் பள்ளி மைதானத்தை இரவு ஏழரை வரை திறந்து வைக்கவும் ஒரு தீர்மானம் போடலாம். மைதானத்துக்கு இரண்டு விளக்குகள், சாவியை வைத்திருப்பவருக்கு ஒரு தொகை, உடற்கல்வி ஆசிரியருக்கோ பயிற்றுநருக்கோ மதிப்பூதியம், முறைவைத்து வந்து அமர இரண்டு பெற்றோர் ஆகியவற்றை அதில் கேட்கலாம். பெண் பிள்ளைகளுக்கென்று வாரத்தில் சில நாட்களை ஒதுக்கி, ஏழரைக்குப் பிறகு அவர்களை வீடு வரை கொண்டுவிடும் பொறுப்பு யாருடையது என்பதையும் அதே தீர்மானத்தில் எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் வாரத்துக்குப் பிறகு அவர்கள் வரமாட்டார்கள்.