பாட்டு என்னுடையது, கடை யாருடையது?

நான்கு வருடங்களுக்கு முன்பு ஒரு காலையில் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. "உங்களுடன் ஒரு மகிழ்ச்சியான செய்தியைப் பகிர்ந்துகொள்கிறோம்" என்று ஆரம்பித்தது. இப்படி ஆரம்பிக்கிற மின்னஞ்சல்களில் மகிழ்ச்சி பெரும்பாலும் அனுப்புகிறவருக்குத்தான். நான் என் பாடல்களை விற்றுக்கொண்டிருந்த ஒரு சின்னத் தளத்தை வேறொரு நிறுவனம் வாங்கியிருந்தது. பெயர் வேண்டாம், இப்போது அந்தத் தளமே இல்லை. "உங்களுக்கு எதுவும் மாறாது" என்று கடைசி வரியில் போட்டிருந்தார்கள். ஏழு மாதம் ஒன்றும் மாறவில்லை. எட்டாவது மாதம், முப்பது நாளுக்குள் உங்கள் கோப்புகளை இறக்கிக்கொள்ளுங்கள் என்று அடுத்த மின்னஞ்சல்.

பாடல்கள் என் வன்தட்டில் பத்திரமாக இருந்தன. போனது வாங்கியவர்களின் பட்டியல். மொத்தம் அறுபத்திரண்டு பேர். அதில் ஒருவர், நான் எதை வெளியிட்டாலும் கேட்ட விலையைவிட இரண்டு மடங்கு கொடுத்துவிட்டு ஒரு குறிப்பும் எழுதுவார். "மூன்றாவது பாட்டில் கேட்கிற மழைச் சத்தம் நிஜமா?" என்று ஒருமுறை கேட்டிருந்தார். (நிஜம்தான். ஜன்னலை மூட மறந்துவிட்டேன்.) அவருடைய முகவரி என்னிடம் இல்லை. தளத்திடம் இருந்தது. தளம் போனதோடு அவரும் போனார்.

அன்றுவரை நானும் எல்லாரையும் போலக் கமிஷனைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன். யார் பத்து சதவீதம் பிடிக்கிறார்கள், யார் பதினைந்து, யார் முப்பது என்று. அதற்குப் பிறகு என் கேள்வி மாறிவிட்டது. இந்தக் கடையை விற்பது என்று ஒரு நாள் பேச்சு வந்தால், அந்தப் பேச்சு நடக்கிற அறையில் நமக்கு ஒரு நாற்காலி உண்டா?

பேண்ட்கேம்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தனி இசைக்கலைஞர்களுக்கு அவ்வளவு உருப்படியான கடை இணையத்தில் குறைவு. 2008-இல் தொடங்கியது. டிஜிட்டல் விற்பனைக்கு 15 சதவீதம், சட்டை, இசைத்தட்டு மாதிரியான பொருள்களுக்கு 10 சதவீதம் பிடிக்கும்; மீதி கலைஞருக்கு. கொரோனா முடக்கம் தொடங்கிய நேரத்தில், 2020 மார்ச் 20 அன்று, ஒரு நாள் தன் கமிஷனையே விட்டுக்கொடுத்தது. அந்த ஒரே நாளில் ரசிகர்கள் 43 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். நல்ல முதலாளி என்றே நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். 2022 மார்ச்சில் அதை எபிக் கேம்ஸ் வாங்கியது, ஃபோர்ட்நைட் விளையாட்டை உருவாக்கிய நிறுவனம். ஒன்றரை வருடம்தான். 2023 செப்டம்பரில் சாங்ட்ரேடர் என்ற இசை உரிம நிறுவனத்துக்குக் கைமாற்றப்போவதாக அறிவிப்பு வந்தது. அக்டோபரில் ஊழியர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வேலை இழந்தார்கள். அந்த வருடம்தான் அவர்கள் தொழிற்சங்கம் அமைத்திருந்தார்கள்.

தளம் இன்றும் ஓடுகிறது. நானும் அங்கே பாட்டு வாங்குகிறேன். அதைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. எனக்கு உறுத்துவது ஒன்றுதான்: இரண்டு முறை கைமாறியபோதும், அலமாரி முழுக்கச் சரக்கை அடுக்கி வைத்திருந்த கலைஞர்களைக் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை.

இங்கேதான் கூட்டுறவு என்ற பழைய யோசனை வருகிறது. விற்கிற கலைஞர்கள், தளத்தை நடத்துகிற ஊழியர்கள், சில இடங்களில் கேட்கிற ரசிகர்களும் சேர்ந்து கடைக்கு உரிமையாளர்கள். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு. இதைச் சொன்னால் பலர் ஏதோ புதுக் கனவு மாதிரி பார்க்கிறார்கள். இசைக்கலைஞர்களுக்கு இது புதிதே இல்லை. 1847-இல் பாரிஸில் ஒரு காபிக்கடையில் எர்னஸ்ட் பூர்ஜே என்ற பாடலாசிரியரும் அவருடைய இசையமைப்பாள நண்பர்களும் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே வாசித்தது அவர்களுடைய பாட்டு. பில் வந்தபோது, எங்கள் பாட்டுக்கு நீ காசு கொடுக்கவில்லை, உன் பானத்துக்கு நாங்கள் எதற்குக் கொடுக்க வேண்டும் என்று மறுத்துவிட்டார்கள். வழக்கு நீதிமன்றம் போய் அவர்கள் பக்கம் தீர்ப்பானது. 1851-இல் உறுப்பினர்களே சொந்தம் கொண்டாடும் சாசெம் என்ற உரிமைத்தொகைச் சங்கம் பிறந்தது. இன்றும் அது இருக்கிறது. பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கின் தொடக்கமும் இதே ரகம். தங்கள் முதலாளியோடு மோதிக்கொண்டு வெளியேறிய வாத்தியக்காரர்கள் 1882-இல் தாங்களாகச் சேர்ந்து அமைத்த குழு அது. கச்சேரிப் பயணத்துக்கு நான்காம் வகுப்பு ரயில் பெட்டியில் ஏற்றப் பார்த்ததுதான் சண்டைக்குக் காரணம் என்று சொல்வார்கள்.

சரி, இணையத்தில் இதை யாராவது செய்து பார்த்தார்களா? பார்த்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த முயற்சி ரெசனேட், இணையத்தில் பாட்டுக் கேட்கிற ஒரு கூட்டுறவுத் தளம். 2015-இல் பெர்லினில் தொடங்கியது. அவர்களுடைய கணக்கை முதல்முறை பார்த்தபோது காகிதம் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். ஒரு பாட்டை முதல் தடவை கேட்டால் 0.002 யூரோ. இரண்டாம் தடவை 0.004. மூன்றாம் தடவை 0.008. இப்படி ஒவ்வொரு தடவையும் இரட்டிப்பாகும். ஆறு தடவை கேட்டு முடித்தாலும் மொத்தம் 13 சென்ட்கூட ஆகாது. ஒன்பதாவது தடவையில் மட்டும் 51 சென்ட் போகும். அதோடு மொத்தம் ஒரு யூரோவைத் தாண்டும், பாட்டு உங்களுடையதாகிவிடும்; அதற்குப் பிறகு காலம் முழுக்க இலவசமாகக் கேட்கலாம்.

ஒரு பாட்டு நமக்குப் பிடிக்கிற விதமே அப்படித்தானே? முதல் தடவை சும்மா ஓடும். நான்காவது தடவை தலை ஆடும். ஒன்பது தடவை ஒருவர் ஒரு பாட்டைப் போட்டுக் கேட்டுவிட்டார் என்றால், அது அவருக்குள் குடியேறிவிட்டது என்றுதான் அர்த்தம். மாதச் சந்தா வாங்கி எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் கொட்டி, மொத்தக் கேட்பில் உன் பங்கு இவ்வளவு என்று பிரிக்கிற முறையில் இந்த நுணுக்கத்துக்கு இடமே இல்லை. ஸ்பாட்டிஃபையில் 2024-லிருந்து, பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தடவை கேட்கப்படாத பாட்டுக்கு, ஒலிப்பதிவுக்கான உரிமைத்தொகையில் பங்கே கிடையாது.

ஆனால் ரெசனேட் பெரிதாக வளரவில்லை. ஆம்பில்ட் என்று இன்னொன்று, ரசிகர்கள் மாதாமாதம் கலைஞர்களைத் தாங்குகிற கூட்டுறவு. சில வருடங்களில் மூடிவிட்டார்கள். ஏன் என்று கூட்டுறவு ஆர்வலர்களிடம் கேட்டால் முதலீடு இல்லை என்பார்கள். உண்மைதான். ஆளுக்கு ஒரு ஓட்டு என்றால் பெரும் பணம் போடுகிறவருக்குப் பிடி கிடைக்காது, பிடி கிடைக்காத இடத்தில் அவர் பணம் போட மாட்டார். ஆனால் கதை அதோடு முடியவில்லை.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. அமெரிக்காவில் அட்டை வழியாகப் பணம் வாங்கித் தரும் சேவைகளில் வழக்கமான கட்டணம் 2.9 சதவீதமும் அதோடு 30 சென்டும். பத்து டாலர் ஆல்பத்துக்கு 59 சென்ட், பரவாயில்லை. ஒரு டாலர் பாட்டுக்கு 33 சென்ட்! கூட்டுறவு தனக்கென்று ஒரு பைசா எடுக்காவிட்டாலும் மூன்றில் ஒரு பங்கு வாசலிலேயே போய்விடுகிறது. "நாங்கள் கமிஷனே வாங்க மாட்டோம்" என்று சொல்கிற தளங்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருக்கும். சேமிப்பகச் செலவு யார் கட்டுவது? ராத்திரி தளம் படுத்துவிட்டால் யார் எழுந்து பார்ப்பது? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015-லிருந்து டிஜிட்டல் பொருளுக்கு வாங்குகிறவர் இருக்கிற நாட்டின் வரி. அந்தக் கணக்கை எழுத ஒருவர் வேண்டாமா? அவருக்குச் சம்பளம் வேண்டாமா? தன்னார்வலர்களை வைத்து ஒரு வருடம் ஓட்டலாம். இரண்டாவது வருடம் அவர்களுக்குக் குழந்தை பிறக்கும், வேலை மாறும், அலுத்தும் போகும்.

அப்புறம், கூட்டம். இதை யாரும் வெளியே சொல்வதில்லை. இரண்டு வருடமாக நான் ஒரு சின்ன இசைக் கூட்டுறவில் உறுப்பினர். போன பொதுக்கூட்டம் காணொளி வழியாக நடந்தது. செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய பாட்டை விற்க அனுமதிப்பதா என்பது விவாதம். வேண்டாம் என்பதில் எல்லாருக்கும் ஒரே கருத்து. அப்படியிருந்தும் இரண்டு மணி நேரம். ஏனென்றால் ஒருவர் கேட்டார், "நான் என் குரலிலிருந்து இரைச்சலை எடுக்க ஒரு மென்பொருள் வைத்திருக்கிறேன், அதுவும் செயற்கை நுண்ணறிவுதான், அப்போது நான் வெளியே போகவா?" இன்னொருவர் தாளத்தை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு மற்றதெல்லாம் தானே வாசிப்பவர். கோட்டை எங்கே போடுவது? கடைசியில் மூன்று வரியில் ஒரு விதி எழுதினோம். நாற்பது பேரில் பதினொரு பேர் இணைப்பில் மிச்சம். கூட்டக் குறிப்பு எழுத யாரும் முன்வரவில்லை. வழக்கமாக எழுதுகிறவர் பெருமூச்சு விட்டுக்கொண்டே எழுதினார்.

எரிச்சலாக இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் பெரிய தளம் ஒன்றில் இதே விதி ஒரு நாள் காலையில் வானத்திலிருந்து விழும், அந்த இரைச்சல் மென்பொருள்காரரின் ஆல்பம் காரணம் சொல்லாமல் காணாமல் போகும், அவர் ஒரு படிவத்தை நிரப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்துக்கொண்டிருப்பார். இரண்டு மணி நேரத்தில் அவர் தன் பக்கத்தைச் சொல்ல முடிந்தது.

இன்னொரு பிரமையையும் உடைக்க வேண்டும். கூட்டுறவு என்றாலே விற்க முடியாது என்று பலர் நம்புகிறார்கள். உறுப்பினர்களே ஓட்டுப் போட்டு விற்கலாம். பிரிட்டனில் வீட்டுக்கடன் தரும் உறுப்பினர் சங்கங்கள் சில அப்படித்தான் பங்குச்சந்தை நிறுவனங்களாக மாறின. 1989-இல் அபே நேஷனல், 1997-இல் நார்தர்ன் ராக். உறுப்பினர்களுக்குக் கையில் இலவசப் பங்கு கிடைத்தது, சந்தோஷமாக ஓட்டுப் போட்டார்கள். பத்தே வருடத்தில், 2007-இல், நார்தர்ன் ராக் வாசலில் பணத்தை எடுக்க ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். அதனால் எந்த இசைக் கூட்டுறவு உங்களைக் கூப்பிட்டாலும் விதிப்புத்தகத்தில் ஒரு பக்கத்தை மட்டும் தேடிப் படியுங்கள்: கடையை மூடினாலோ விற்றாலோ மிச்சப் பணம் யாருக்கு? இன்னொரு கூட்டுறவுக்கோ பொதுக் காரியத்துக்கோதான் போகும், உறுப்பினர் பிரித்துக்கொள்ள முடியாது என்று எழுதியிருந்தால், விற்கிற ஆசை வரும்போதே அடங்கிவிடும். அந்தப் பக்கம் இல்லாவிட்டால் முகப்பில் எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் நான் நம்ப மாட்டேன்.

இணையக் கடையாக உருப்படியாக நிலைத்த உதாரணம் இசையில் இல்லை, புகைப்படத்தில் இருக்கிறது. ஐஸ்டாக்ஃபோட்டோ என்ற படச் சந்தையைத் தொடங்கியவர் 2006-இல் அதை கெட்டி இமேஜஸ் என்ற பெரிய பட நிறுவனத்துக்கு 5 கோடி டாலருக்கு விற்றார். அதே மனிதர் 2013-இல் ஸ்டாக்சி என்ற கூட்டுறவை ஆரம்பித்தார். சாதாரண உரிமத்தில் பாதி, விரிவான உரிமத்தில் முக்கால் பங்கு படம் எடுத்தவருக்கு. ஒருமுறை விற்றவருக்குத்தான் விற்பதன் விலை தெரியும் போலிருக்கிறது. ஸ்டாக்சி எல்லாரையும் சேர்க்காது. விண்ணப்பம் போட வேண்டும், தேர்ந்தெடுப்பார்கள். வாங்குகிறவர் அந்தத் தேர்வை நம்பித்தான் வருகிறார். இசையில் கேடலிட்டிக் சவுண்ட் என்ற கூட்டுறவு அதே வழியில் போகிறது: முன்பே எழுதி வைக்காமல் அந்தக் கணத்தில் தோன்றுவதை வாசிக்கிற சில பத்துக் கலைஞர்கள், அவ்வளவுதான்.

என் கருத்து இங்கேதான் நண்பர்களோடு முட்டுகிறது. அவர்கள் பேண்ட்கேம்ப்பை அப்படியே பெயர்த்துக் கூட்டுறவாக வைக்க ஆசைப்படுகிறார்கள். 2024-இல் அறிவிக்கப்பட்ட சப்வர்ட் அந்த லட்சியத்தோடுதான் வந்திருக்கிறது, பின்னால் இருப்பவர் ஆம்பில்டைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஜெயித்தால் முதலில் கைதட்டுவது நானாக இருக்கும். ஆனால் பல்லாயிரம் பேர் உறுப்பினரான பிறகு என் ஒரு ஓட்டுக்கு என்ன கனம்? கூட்டத்துக்கு வருகிற பதினொரு பேர்தான் அங்கேயும் முடிவெடுப்பார்கள். எனக்கு வேண்டியது ஒருவரை ஒருவர் பாட்டால் அறிந்த நாற்பது, ஐம்பது பேர் கொண்ட சின்னக் கடைகள். நிறைய வேண்டும். ஒவ்வொன்றும் தனியாக மென்பொருள் எழுத வேண்டியதில்லை. மிர்லோ என்ற இசை விற்பனைத் தளத்தின் நிரல் யாரும் எடுத்துப் பயன்படுத்தத் திறந்தே கிடக்கிறது, ஃபேர்கேம்ப் என்ற இலவசக் கருவி உங்கள் பாடல் கோப்புறையை அப்படியே இணையதளமாக மாற்றித் தருகிறது. நிரல் பொதுவாக இருக்கட்டும், கடை தனித்தனியாக இருக்கட்டும்.

தனியாக ஒரு இணையதளம் போட்டுக்கொண்டால் போதாதா என்று கேட்பீர்கள். போதும், உங்களை ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு. பக்கத்து அலமாரியில் இன்னொருவரின் பாட்டைத் தேடி வந்தவர் தற்செயலாக உங்கள் பாட்டை எடுத்துப் பார்க்க, கடை வேண்டும்.

எங்கள் கூட்டுறவில் வாங்குகிறவர் அனுமதித்தால் அவருடைய முகவரி நேராகக் கலைஞருக்கு வந்துவிடும். அந்த விதிக்காகத்தான் நான் சேர்ந்தேன். இதுவரை பதினேழு பேர். மழைச் சத்தம் கேட்டவர் இன்னும் வரவில்லை. அந்தப் பாட்டை அங்கேயும் ஏற்றி வைத்திருக்கிறேன், ஜன்னலோடு.

அடுத்த கூட்டம் வருகிற ஞாயிற்றுக்கிழமை. அட்டைக் கட்டணத்தைச் சமாளிக்க, ரசிகர்கள் முன்கூட்டியே பணம் ஏற்றி வைக்கிற முறை வேண்டுமா என்பது விவாதம். கூட்டக் குறிப்பு எழுதுவது இந்த முறை நான்.