கொள்கைக்கு முன்னால் மனிதர்தான்
எல்லா மதங்களின் கொள்கைகளையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் ஒருவர் மதம் மாறுகிறார் என்று கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. மதுரை செல்லூரில் இருந்த என் பெரியம்மா பைபிளைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே சர்ச்சுக்குப் போகத் தொடங்கிவிட்டார். பெரியப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு மாதமும் சொந்தக்காரர்கள் நாங்கள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தோம், அவ்வளவுதான். எதிர்வீட்டு அக்காதான் தினமும் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுபோய், பக்கத்தில் உட்கார்ந்து ஜெபம் பண்ணினார். அந்த அக்கா கும்பிட்ட சாமியையே பெரியம்மாவும் கும்பிட ஆரம்பித்தார். படித்தது, கேள்வி கேட்டது எல்லாம் அப்புறம். மதுரையின் பழைய கதையும் இப்படித்தானே போகிறது? பெரியபுராணத்தில், சமணத்தில் இருந்த பாண்டியனின் மனம் சைவ அடியார் சம்பந்தர் பக்கம் சாய்வது, அவர் பூசிய திருநீற்றில் வெப்புநோய் என்ற கடும் காய்ச்சல் தணிந்தபோதுதான். அவரை வரவழைத்ததும் வீட்டு மனுஷி, அரசி மங்கையர்க்கரசி. கூடவே அமைச்சர் குலச்சிறையார். யார் கொள்கை உண்மை என்று பார்க்க இரு தரப்பும் ஏடுகளைத் தீயிலும் ஆற்றிலும் இட்ட அனல் வாதமும் புனல் வாதமும் அதற்குப் பின்னால்தான் வருகின்றன. மேலே பின்னூட்டத்தில் ஒருவர், பணத்துக்காகத்தான் மாறுகிறார்கள் என்று எழுதியிருக்கிறார். அது மனதை வருத்துகிறது. பெரியம்மாவுக்கு யாரும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை. அந்த அக்கா கொண்டுவந்தது கஞ்சி மட்டும்தான்.