கத்தார் மைதானங்களில் 6,500 பேர் இறந்தார்களா?

“2022 கால்பந்து உலகக் கோப்பை மைதானங்களைக் கட்டும்போது 6,500 தொழிலாளர்கள் இறந்தார்கள்” என்ற பதிவு இன்னும் சுற்றுகிறது. எண் கற்பனையல்ல, ஒட்டியிருக்கும் விளக்கம்தான் பிழை.

2021 பிப்ரவரியில் கார்டியன் நாளிதழ் வெளியிட்ட கணக்கு அது. இந்தியர் 2,711, நேபாளியர் 1,641, வங்கதேசத்தவர் 1,018, பாகிஸ்தானியர் 824, இலங்கையர் 557: கூட்டினால் 6,751, அதாவது 6,500-க்கு மேல். போட்டியை நடத்தும் உரிமை 2010 டிசம்பரில் கிடைத்ததிலிருந்து ஏறக்குறைய பத்தாண்டுகளில், கத்தாரில் எந்த வேலையில் இருந்தவரானாலும், எந்தக் காரணத்தால் இறந்தாலும் இதில் அடக்கம். சாலை விபத்து, தற்கொலை, நோய் எல்லாம் சேர்த்தி. மைதானச் சாவு என்று அந்தச் செய்தியே சொல்லவில்லை.

அதற்காக, ‘மூன்றே பேர்தான்’ என்ற எதிர்ப்பதிவையும் நம்பிவிட வேண்டாம். அது மைதானப் பணியிடங்களில், வேலை தொடர்பானவை என்று ஏற்பாட்டுக் குழு வகைப்படுத்திய சாவுகள் மட்டும்; பணி தொடர்பற்றவை என்று அதே குழு ஒதுக்கியவை 37. மெட்ரோ, சாலை, விடுதிக் கட்டுமானங்கள் அந்தக் கணக்கில் வராது. சிக்கலே வேறிடத்தில்: பல சாவுகள் பிரேதப் பரிசோதனை இல்லாமலே ‘இயற்கை மரணம்’, ‘இதயச் செயலிழப்பு’ என்று பதிவாயின. இந்தியர் சாவுகளில் 80 விழுக்காடு அப்படித்தான். வெயில் கொன்றதா, நோய் கொன்றதா என்பதைச் சான்றிதழ் சொல்லாது.