அது சும்மா கிடக்கிற நிலம் இல்லை

வியாழக்கிழமை கூட்டத்தின் காணொளியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தென்னாப்பிரிக்காவில் நம் டர்பன் நகரத்தின் பழைய விமான நிலையத்தைப் பற்றி மேடையில் பேசியவர், "சும்மா கிடக்கிற நிலம்தானே" என்றார். மூன்று நாளாக அந்தச் சொல் என்னைக் குத்திக்கொண்டே இருக்கிறது.

அது சும்மா கிடக்கிற நிலம் இல்லை. 2010 மே மாதம் விமானங்கள் எல்லாம் நகரத்துக்கு வடக்கே லா மெர்சியில் கட்டிய புது விமான நிலையத்துக்குப் போய்விட்டன, சரி. 2012இல் 185 கோடி ராண்டுக்கு அந்த இடம் துறைமுகத்துக்காகக் கைமாறியது. மண்ணைத் தோண்டிக் கடலை உள்ளே கொண்டுவரப் போவதாகச் சொன்னார்கள். தோண்டவில்லை. அதற்காக அங்கே ஒன்றுமே இருந்ததில்லை என்று ஆகிவிடுமா?

அங்கே குத்தகைக்குத் தோட்டம் வைத்திருந்தார் என் மாமா. மிளகாய், மடும்பி என்கிற சேப்பங்கிழங்கு, கீரை. பள்ளி விடுமுறை என்றால் நான் அங்கேதான். விமானம் தலைக்கு மேல் இறங்கும்போது ஆயா, அதாவது என் பாட்டி, பேச்சைப் பாதியில் நிறுத்துவார், சத்தம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். இருட்டோடு எழுந்து கட்டிய கீரை வார்விக் விடியற்காலைச் சந்தைக்குப் போகும். டர்பனில் எத்தனை வீட்டு அடுப்புக்குப் போயிருக்கும்!

"துறைமுகம் வளர வேண்டாமா, பிள்ளைகளுக்கு வேலை வேண்டாமா?" என்று கீழே எழுத வருவீர்கள். வேண்டும். என் அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கித்தான் எங்களைப் படிக்க வைத்தார். 1860 நவம்பர் 16 அன்று மதராசிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக நம் முன்னோர் 342 பேரோடு முதல் கப்பலான ட்ரூரோ வந்து நின்றதும் இதே துறைமுகத்தில்தான். அதை நான் வெறுப்பேனா? துறைமுகமும் விமான நிலையமும் பொதுத்துறை, மக்கள் சொத்து. பக்கத்தில் வாழ்கிற எங்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்கிறேன், அவ்வளவுதான். "எப்போதும் பழங்கதை" என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

தாத்தா வீடு துறைமுகத்துக்குப் பக்கத்தில் கிளேர்வுட்டில் இருந்தது. எந்த இனத்தவர் எங்கே வாழலாம் என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் வந்தது, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்குப் போகச் சொன்னார்கள், போனோம். அந்தத் தெருக்களில் இப்போது கன்டெய்னர் லாரிகள். அப்போதும் யாரும் எங்களைக் கேட்கவில்லை. அதையும் சும்மா கிடந்த நிலம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

காணொளியில் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அன்று மாமா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். 82 வயது. அந்தச் சொல்லைக் கேட்டதும் என் கையைப் பிடித்து, "வீட்டுக்குப் போகலாம்மா" என்றார். பழைய விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள மெரிபேங்க் வரும்வரை அவர் வாயே திறக்கவில்லை.